வாடகைச் சட்டத்தின் வரம்பும் வீட்டுக்காரரின் வாசற்படியும்

"வீடு காலியா இருக்குன்னு போர்டு பாத்தேன் சார்."

"ஆமா. ரெண்டு பெட்ரூம். 14,000 வாடகை, பத்து மாச அட்வான்ஸ். நீங்க எந்த ஊரு?"

ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால், "நான்-வெஜ் சமைப்பீங்களா?" அதற்கும் பதில் சொன்னால், "எங்க வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்." மறுநாள் கூப்பிட்டால், "அடடா, நேத்து சாயங்காலமே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிட்டாரே." அடுத்த வாரம் அதே தெருவில் நடந்து போனால் அதே போர்டு அதே கேட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்த உரையாடலில் சாதி என்ற சொல் எங்கும் வரவில்லை. ஆனால் பேசிய இருவருக்கும் என்ன நடந்தது என்பது தெரியும். சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் வீடு தேடிய ஒரு தலித்துக்கோ முஸ்லிமுக்கோ இது புதிய கதையல்ல. திருநங்கைகளுக்கும் தனியாக வாழும் பெண்களுக்கும் இதன் வேறு வடிவங்கள் தெரியும்.

வாடகைதாரரின் உரிமையைப் பற்றி அரசும் நீதிமன்றமும் பொருளாதார நிபுணர்களும் எண்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எவ்வளவு வாடகை வரை பாதுகாப்பு தரலாம், எதற்கு மேல் விலக்கலாம், எந்தக் காகிதம் இருந்தால் வழக்குப் போடலாம் என்று வரம்பு மேல் வரம்பாக வகுத்திருக்கிறார்கள். ஆனால் எல்லா வரம்புகளுக்கும் முன்னால் வீட்டுக்காரரின் வாசற்படி என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நம் வாடகைச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. வாசற்படியில் தடுக்கப்படுகிறவரைத்தான் சட்டத்தின் மற்ற வரம்புகளும் தேடி வந்து வெளியே தள்ளுகின்றன என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

400 ரூபாய்க் கோடு

சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது. 1946இலும் 1949இலும் சட்டங்கள் வந்தன. பிறகு 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் வந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் காலி செய்யச் சொல்ல முடியாது, சட்டம் சொல்லும் காரணம் வேண்டும். நியாய வாடகையை நிர்ணயிக்கச் சொல்லி மனுப் போடலாம். குடியிருப்புக் கட்டடம் என்றால் அதன் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு என்று கணக்கும் இருந்தது. ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொன்னது.

ஆனால் அதே சட்டத்தின் 30ஆவது பிரிவில் ஒரு கோடு போடப்பட்டிருந்தது. குடியிருக்கும் வீட்டுக்கு மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டினால் அந்த வாடகைதாரருக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. இந்த 400 என்ற எண் 1973இல் வைக்கப்பட்டது. விலைவாசி ஏறியது, வாடகை ஏறியது, எண் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. 1973இல் வசதியானவர்கள் மட்டும் கொடுத்த வாடகையைச் சில ஆண்டுகளில் நகரத்தின் சாதாரண குமாஸ்தாவும் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சில ஆயிரம் குடும்பங்கள், சட்டசபை கூடாமலேயே, விவாதம் நடக்காமலேயே சட்டத்தை விட்டு வெளியே விழுந்தன.

1986இல் ரத்தன் ஆர்யா வழக்கில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி இதைத்தான் பிடித்தார். 1973க்கும் 1986க்கும் இடையே வாடகை பல மடங்கு ஏறியிருப்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மை என்றார். கடை வைத்திருப்பவருக்கு எவ்வளவு வாடகை ஆனாலும் பாதுகாப்பு உண்டு, குடியிருப்பவருக்கு மட்டும் 400 ரூபாயோடு முடிந்துவிடும் என்பது என்ன நியாயம் என்று கேட்டார். சமத்துவத்துக்கான 14ஆவது உறுப்புக்கு எதிரானது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை அடித்துப் போட்டது.

தில்லியில் கதை வேறு. அங்கே 1988இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய கட்டடங்களை வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கினார்கள். அதையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஆனால் இந்த முறை வரம்பு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதே திருத்தம் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை 10 விழுக்காடு வாடகையை ஏற்றிக்கொள்ளவும் வழி செய்தது. 3,200 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தவரின் வாடகை ஒரே ஒரு ஏற்றத்தில் 3,520 ஆகிவிடும். அதோடு அவர் சட்டத்துக்கு வெளியே. வரம்பு என்பது அங்கே பாதுகாப்பின் எல்லையாக இல்லை, வீட்டுக்காரர் எட்டித் தொட வேண்டிய இலக்காக ஆகிவிட்டது.

இது நம் நாட்டுக் கோளாறு மட்டுமல்ல. நியூயார்க்கில் 1993இல் 2,000 டாலர் என்று இப்படி ஒரு வரம்பு கொண்டுவந்தார்கள். பழைய குடித்தனக்காரர் காலி செய்த வீட்டைப் புதுப்பித்ததாகக் கணக்குக் காட்டி, வாடகையை வரம்புக்கு மேலே தள்ளி, வீட்டையே கட்டுப்பாட்டிலிருந்து வெளியே எடுத்தார்கள் முதலாளிகள். வரம்பைப் பிறகு உயர்த்தியும் இது நிற்கவில்லை. வாடகைதாரர் இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடி 2019இல் அந்த வரம்பையே ஒழித்தன.

கூடுதல் வாடகை கொடுப்பவர் யார்?

இந்த வரம்புகளுக்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதிக வாடகை கொடுப்பவர் வசதியானவர், வசதியானவருக்குச் சட்டத்தின் துணை தேவையில்லை என்பதே அது. சாதி இல்லாத ஊரில் இது பாதி உண்மையாக இருக்கலாம். நம் ஊரில் இது பொய்.

பத்து வீடு ஏறி ஒன்பது வீட்டில் மறுக்கப்பட்டவர், பத்தாவது வீட்டில் பேரம் பேச முடியுமா? வீட்டுக்காரர் 2,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பழைய வீட்டுக்காரர் கொடுத்த கெடு முடிந்துவிட்டது. சுகதேவ் தோராட்டும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் தில்லி தலைநகர்ப் பகுதியில் வாடகை வீட்டுச் சந்தையை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது. மேல்சாதிப் பெயரில் கேட்டவர்களுக்கு ஏறக்குறைய மறுப்பே இல்லை. தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் கேட்டவர்களுக்கு நேரடி மறுப்பு வந்தது, அல்லது கூடுதல் வாடகையும் கூடுதல் நிபந்தனைகளும் வந்தன.

ஆக, ஒரே சம்பளம் வாங்கும் இருவர் ஒரே மாதிரி வீட்டுக்கு இரண்டு விலை கொடுக்கிறார்கள். அந்த வித்தியாசம் சாதிக்குக் கட்டும் வரி. இப்போது பண வரம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வையுங்கள். சாதி வரியால் வாடகை ஏறியவர்தான் முதலில் வரம்பைத் தாண்டுவார். சந்தை அவரிடம் அதிகம் பிடுங்கியது, அப்படிப் பிடுங்கியதையே காட்டிச் சட்டம் அவரைப் பணக்காரர் என்றது. மறுக்கப்பட்டதற்கான தண்டனையை அவரே இரண்டு முறை அனுபவிக்கிறார். 400 ரூபாய் வரம்பை அடித்த தீர்ப்பிலும் இந்தக் கேள்வி இல்லை, 3,500 ரூபாய் வரம்பைக் காப்பாற்றிய தீர்ப்பிலும் இல்லை.

காசுக் கோடு போனது, காகிதக் கோடு வந்தது

தமிழ்நாட்டில் இன்று பண வரம்பு இல்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டமே இல்லை. சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் பொறுப்புகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. நியாய வாடகை என்ற கருத்து போய்விட்டது. இருவரும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டதே வாடகை. பசியோடு நிற்பவரும் சோற்றுப் பானையை வைத்திருப்பவரும் சமமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்களாம்.

புதிய சட்டம் போட்ட கோடு காகிதக் கோடு. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் 21ஆவது பிரிவைப் பாருங்கள். வாடகைதாரரை வெளியேற்றுவதற்கான காரணங்களின் பட்டியலில் முதலாவது, உரிமையாளரும் வாடகைதாரரும் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது. யார் தவறினார் என்ற கேள்வி அந்த வரியில் இல்லை.

நடைமுறையில் எழுத மறுப்பவர் யார்? வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்ட விரும்பாத வீட்டுக்காரர் எழுத மாட்டார். ஒரு வீட்டைத் தடுப்பு வைத்து நான்காகப் பிரித்து விட்டிருப்பவர் எழுத மாட்டார். வியாசர்பாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தூய்மைப் பணியாளரிடம் யார் முத்திரைத்தாளை நீட்டுகிறார்கள்? "அக்ரிமெண்ட் போடுங்க சார்" என்று அவர் கேட்டால் "வேற வீடு பாத்துக்கோ" என்பதுதான் பதில். கேட்காமல் இருந்தால் ஒப்பந்தம் இல்லாத குற்றத்துக்காக வெளியேற்றலாம். இரண்டு பக்கமும் அவருக்குத்தான் அடி.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்கலாம். சாதியைச் சொல்லாமல், ஊரை மாற்றிச் சொல்லி, சமையலறை ஜன்னலை மூடிவைத்துக்கொண்டு வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த நகரங்களில் இருக்கின்றன. அவர்களுடைய வாடகை உரிமை அந்த மௌனத்தின் மேல்தான் நிற்கிறது. அவர்கள் ரசீது கேட்க மாட்டார்கள். ஒழுகும் கூரையைச் சரிசெய்யச் சொல்ல மாட்டார்கள். பதிவுக்காகச் சொந்த ஊர் முகவரியுள்ள சான்றை நீட்டத் தயங்குவார்கள். சண்டை வந்தால் விசாரணை வரும், விசாரணை வந்தால் சேதி தெரியும். தெரிந்த அன்று "என் பையன் வெளிநாட்டிலேர்ந்து வர்றான், அடுத்த மாசம் காலி பண்ணிடுங்க" என்ற இனிமையான வாக்கியம் வரும். 11 மாத ஒப்பந்தமாக இருந்தால் அந்த வாக்கியம்கூடத் தேவையில்லை. புதுப்பிக்காமல் விட்டாலே போதும்.

காரணம் சொல்லாமல் வெளியேற்றலாம் என்ற இடத்தில் சாதிக்காக வெளியேற்றலாம் என்பதும் ஒளிந்திருக்கிறது. ஆகவே குடியிருப்புப் பாதுகாப்பு என்பது வெறும் பொருளாதாரக் கோரிக்கை அல்ல, சாதி எதிர்ப்புக் கோரிக்கையும்கூட.

அட்வான்சை எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் ஒரு மாத வரம்பு, 2017இல் மூன்று மாத வரம்பு, சென்னைத் தெருவில் பத்து மாதம். 14,000 ரூபாய் வாடகைக்கு 1,40,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் தட்ட வேண்டும். தாத்தாவின் வீடும் அப்பாவின் சேமிப்பும் இருக்கும் குடும்பத்துக்கு இது சிரமம். முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு இது மூன்று வட்டிக் கடன். காலி செய்யும்போது வெள்ளையடிக்க, ஆணி அடித்த ஓட்டையை அடைக்க என்று பிடித்தது போக மிச்சம்தான் கைக்கு வரும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்தை அரசு எல்லா வீட்டுக்கும் இலவசமாகத் தருகிறது. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீட்டுக்காரரைத் தாண்டி அந்தச் சலுகை வாடகைதாரரிடம் வந்து சேர்வதில்லை.

பழைய சட்டம் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. மைய வீதிகளில் நாற்பது ஆண்டுக்கு முந்தைய வாடகையில் கடையைப் பிடித்துக்கொண்டு, அதை உள்வாடகைக்கு விட்டுக் கொழுத்தவர்கள் இருந்தார்கள். ஒற்றை வீட்டின் வாடகையை நம்பியிருந்த கைம்பெண்கள் பத்தாண்டு நீதிமன்றப் படியேறினார்கள். அதைச் சரிசெய்திருக்க வேண்டும். வாடகையைப் பழைய எண்ணில் உறையவைக்காமல் விலைவாசியோடு நிதானமாக ஏறும்படி செய்திருக்கலாம். செய்யவில்லை. நோயைச் சாக்காக வைத்து நோயாளியையே அப்புறப்படுத்தினார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாடகைக் கட்டுப்பாட்டுக்குப் பயந்துதான் பூட்டி வைத்திருக்கிறார்கள், கட்டுப்பாட்டை எடுத்தால் வீடுகள் சந்தைக்கு வரும், வாடகை இறங்கும் என்றார்கள். தமிழ்நாட்டில் எடுத்தாயிற்று. சென்னையில் வாடகை இறங்கியதா என்று வாடகை கொடுக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். பூட்டிய வீடு திறந்தாலும் அது யாருக்குத் திறக்கும் என்பதை அந்த நிபுணர்கள் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"என் வீடு, என் இஷ்டம்"

இந்தப் பேச்சை எடுத்தால் வரும் பதில் இது. என் சொத்து, யாருக்கு விடுவது என்பது என் உரிமை. இதே வாதத்தைத்தான் ஒரு காலத்தில் ஓட்டல்காரரும் முடிதிருத்துபவரும் சொன்னார்கள். என் கடை, என் டம்ளர். அதைச் சட்டம் ஏற்கவில்லை. அரசியல் சட்டத்தின் 17ஆவது உறுப்பு அரசை மட்டுமல்ல, தனிமனிதரையும் கட்டுப்படுத்துகிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. தீண்டாமைக் குற்றங்களுக்காக 1955இல் வந்து, இன்று குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று அழைக்கப்படும் சட்டத்தின் 4ஆவது பிரிவில், எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டுவதற்கோ வாங்குவதற்கோ அதில் குடியிருப்பதற்கோ தீண்டாமையின் பேரில் தடை விதிப்பது குற்றம் என்று எழுதியிருக்கிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், வேறு காரணத்தை மறுத்தவர் நிரூபிக்கும் வரை, தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் கருத வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. ஆயுதம் எழுபது ஆண்டுகளாக அலமாரியில் இருக்கிறது. வாடகைச் சட்டத்தை எழுதியவர்கள் அந்த அலமாரியைத் திறக்கவே இல்லை. வாடகை அதிகாரியாக உட்காரும் துணை ஆட்சியருக்கு அட்வான்ஸ் தகராறைக் கேட்க அதிகாரம் உண்டு, சாதியால் கதவடைத்ததைக் கேட்க இல்லை.

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குத் திரும்பியபோது, அந்த நகரத்தில் அவருக்கு வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கினார். தெரிந்துபோன அன்று தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். நண்பர்களின் கதவுகளும் திறக்கவில்லை. அவரிடம் சம்பளம் இருந்தது, படிப்பு இருந்தது, அரசு வேலை இருந்தது. எந்தப் பண வரம்பையும் எந்தக் காகித வரம்பையும் தாண்டும் தகுதி இருந்தது. தாண்ட முடியாதது வாசற்படி ஒன்றுதான். நூறு ஆண்டுக்குப் பிறகு தடி போய், "வீட்டம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" வந்திருக்கிறது.

"சைவம் மட்டும்" போர்டைக் காட்டி, இது அக்ரகாரத்தின் பிரச்சினை என்று சொல்லிவிட்டு நம்மவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. கோவையிலும் திருநெல்வேலியிலும் சேலத்திலும் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கும் வீட்டுக்காரர் பெரும்பாலும் ஆட்டுக்கறி தின்னும் இடைநிலைச் சாதிக்காரர். அவர் வீட்டு வரவேற்பறையில் பெரியார் படமும் இருக்கக் கூடும். மேடையில் சமூகநீதி பேசி, மாடிப் போர்ஷனை "நம்ம ஆளுங்களுக்கு" மட்டும் விடுவது சமூகநீதி அல்ல.

மக்கள் கலந்து வாழ வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய கருத்தும் அல்ல. 1990களின் இறுதியில் கலைஞர் ஆட்சி பெரியார் நினைவு சமத்துவபுரங்களைக் கட்டியது. 100 வீட்டில் தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்று ஒதுக்கியது. யார் பக்கத்தில் யார் வாழ்வது என்பது அரசு தலையிட வேண்டிய விஷயம் என்று ஒப்புக்கொண்ட மாநிலம் இது. ஆனால் லட்சக்கணக்கானோர் வாடகையில் வாழும் நகரத்துக்கு வந்ததும் அரசு கையைக் கட்டிக்கொள்கிறது. 2017இல் சட்டத்தை நிறைவேற்றியது அ.தி.மு.க. ஆட்சி. அடுத்து வந்த தி.மு.க. ஆட்சியும் வாசற்படியைப் பற்றி ஒரு வரி சேர்க்கவில்லை.

நாம் கேட்பது சலுகை அல்ல. முதலாவது, சாதி, மதம், பாலினம், உணவு ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதும், கூடுதல் வாடகை கேட்பதும், காலி செய்யச் சொல்வதும் குற்றம் என்று வாடகைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். மறுத்தவர்தான் காரணத்தை நிரூபிக்க வேண்டும். வீட்டு விளம்பரங்களை வெளியிடும் செயலிகளையும் புரோக்கர்களையும் அதில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதைக் குடியிருப்பு வாடகைதாரரை வெளியேற்றும் காரணங்களிலிருந்து நீக்க வேண்டும். வாடகை செலுத்திய வங்கிக் கணக்கோ, ஜி-பே பதிவோ, கேஸ் பில்லோ இருந்தால் வாடகை உறவை ஏற்க வேண்டும். மூன்றாவது, அட்வான்ஸ் வரம்பை மீறி வாங்கியவரிடமிருந்து வட்டியோடு பிடித்துத் தர வேண்டும். ஆண்டு வாடகை ஏற்றத்துக்கு விலைவாசியோடு சேர்ந்த உச்சவரம்பு வேண்டும். நான்காவது, ஏழைகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டாமல், நகரத்தின் நடுவிலேயே அரசு வாடகைக் குடியிருப்புகளைக் கட்டி, சமத்துவபுரம் போலக் கலந்து ஒதுக்க வேண்டும்.

ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கக் கூடாது என்று சொல்லித்தான் நம் முன்னோர் நகரத்துக்கு வந்தார்கள். நகரத்தில் தெருக்கள் கலந்துவிட்டன, பேருந்து கலந்துவிட்டது, அலுவலகம் ஓரளவு கலந்துவிட்டது. மாலை ஆறு மணிக்கு மேல் அவரவர் எந்தக் கதவுக்குள் நுழையலாம் என்பதை மட்டும் சாதி இன்னும் கையில் வைத்திருக்கிறது. அந்தச் சாவியை அதன் கையிலிருந்து வாங்காமல் வாடகைதாரரின் உரிமை என்று எந்த அரசு பேசினாலும், அது வீட்டுக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டவர்களுக்கான பேச்சு மட்டுமே.